வெறுங்கையோடு நடக்கத் தெரியாதவள்

"நீதான் படிச்சவளாச்சே. நடந்தா ஒடம்பு எளைக்கும்னு எந்த புஸ்தகத்துல போட்டுகீது, எடுத்துக் காட்டு பாக்கலாம்."

என் சின்னம்மா இப்படிக் கேட்டபோது, பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு என் கையில் இருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரிக்‌ஷாவிலிருந்து இறங்கித் தெருமுனையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்ததற்கே அவளுக்கு மூச்சு அடங்கவில்லை.

"இருவது வருசம் ஆபீஸ் ஆபீஸா நடந்தவ எங்கக்கா. அவளுக்குப் போயி நடக்கச் சொல்லி சீட்டா? இத்த வாங்கவா காலைலேர்ந்து அங்க நின்னுக்கினு இருந்தீங்க?"

அம்மா மூச்சுக்கு நடுவே சிரித்தாள். "அவ இன்னாடி பண்ணுவா? டாக்டரம்மா சொல்லிச்சு."

சின்னம்மா சொன்னது பாதி உண்மை. மறுபாதி அவளுக்கும் தெரியும், சொல்லவில்லை. இருபது வருஷம் நடந்தவளை இனி நடக்க வேண்டாம் என்று உட்கார வைத்தவள் நான்.

அம்மா சாப்பாட்டுக் கூடைக்காரி. ராயபுரத்தில் இருபது இருபத்தைந்து வீடுகளில் பதினோரு மணிக்குள் கேரியர்களை வாங்கி, அகலமான மூங்கில் கூடையில் அடுக்கி, சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு துறைமுகத்து ஆபீஸ்களுக்கு நடப்பாள். ஒரு மணிக்குள் ஒவ்வொரு கேரியரும் அதற்குரிய குமாஸ்தாவின் மேசைக்குப் போய்விட வேண்டும். பிறகு காலிப் பாத்திரங்களோடு திரும்பி நடை. எழுதப் படிக்கத் தெரியாது. கேரியர் பிடியில் கட்டிய நூலின் நிறமும் முடிச்சுமே அவளுக்கு விலாசம். சிவப்பு நூலில் இரண்டு முடிச்சு என்றால் மாடியில் மூன்றாவது அறை. ஒருநாளும் ஒருவர் சோறு இன்னொருவருக்குப் போனதில்லை.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது இறந்துபோனார். அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. வெள்ளைக்காரன் போன மறுவருஷம் தண்டையார்பேட்டையில் ஒரு தொடக்கப்பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் மாதம் முடிந்த அன்றே கூடையை எடுத்துப் பரணில் போட்டேன்.

"இனிமேல் நீ யார் வீட்டுச் சோற்றையும் சுமக்க வேண்டாம். டீச்சருடைய அம்மா தெருவில் கூடை தூக்கக் கூடாது" என்றேன்.

வீட்டில்கூட நான் அப்போது புத்தகத் தமிழில்தான் பேசுவேன். அம்மாவுக்கு அதைக் கேட்கப் பிடிக்கும். "பாரேன், ரேடியோ மாதிரி பேசுது" என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வாள். கூடை நடையைச் சின்னம்மா எடுத்துக்கொண்டாள், புதுக் கூடை வாங்கி. அம்மா உட்கார்ந்தாள்.

நடை நின்றது. பசி நிற்கவில்லை. காலையில் இரண்டு சட்டி கஞ்சியைக் குடித்துவிட்டுப் போய் நாலு மைல் நடந்து திரும்பிய உடம்பு, உட்கார்ந்த பிறகும் அதே இரண்டு சட்டியைக் கேட்டது. நடுவில் கிழங்கு, சாயங்காலம் முனைக்கடை பஜ்ஜி, சர்க்கரை கூடுதலாய்ப் போட்ட டீ. நான் சம்பாதிப்பதை அவள் வயிறாரச் சாப்பிடுவது எனக்குப் பெருமையாக இருந்தது. கன்னம் உப்பியபோது தெருவில் எல்லோரும் "மவ சம்பாத்தியம் மூஞ்சில தெரியுது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு வருஷத்தில் அவளால் குந்தி எழுந்திருக்க முடியவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்து, உட்கார்ந்த மாதிரியே தூங்கினாள்.

லேடி டாக்டர் கோபக்காரர் என்று சொல்வார்கள். எங்களிடம் பொறுமையாகத்தான் பேசினார். "இதயம் களைச்சுப்போயிருக்கு. இந்த எடையை அது இழுக்க முடியாது. சோத்தைப் பாதியாக் குறைங்க. தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. வேகமா வேண்டாம். கூட வர்றவங்களோட பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு நின்னா நீங்களும் நின்னுடுங்க. ஒரு மாசத்துல ஒண்ணும் தெரியாது. தெரியலைன்னு விட்டுடாதீங்க. இது காய்ச்சல் மருந்து இல்லை, பத்து நாள் குடிச்சுட்டு பாட்டிலைத் தூக்கிப்போட. ஆயுசுக்கும் நடக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். அம்மா உடம்புவாகு உனக்கு."

எனக்கு ரோஷமாக இருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

நடப்பது அவ்வளவு பெரிய காரியமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. விடியற்காலையில் கடற்கரைக்குப் போகலாம் என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காலங்காத்தால அங்க ஆம்பளைங்க வரிசையா குந்திக்கினு இருப்பானுங்க. அவனுங்க மூஞ்சியப் பாத்துக்கினே நடக்கச் சொல்றியா?" ராயபுரம் காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துவிட்டேன். பள்ளிப் பாடத்தில் வரும் கடற்கரை என் மனதில் இருந்தது.

தெருவிலேயே நடந்தாள். எங்கள் தெருவில் ஒரு பெண்பிள்ளை வெறுங்கையோடு நடந்தால் பார்க்கிறவர்கள் எல்லோரும் "எங்க போற?" என்று கேட்பார்கள். வேவு பார்ப்பதற்கு இல்லை. குசலம் விசாரிப்பதே அப்படித்தான். தண்ணிக் குடம் இருந்தால் கேட்க மாட்டார்கள், கூடை இருந்தால் கேட்க மாட்டார்கள். சும்மா நடக்கிறேன் என்ற பதிலை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சும்மா நடப்பவர்கள் பித்துப்பிடித்தவர்கள், இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள். அம்மா "தோ, கடைக்கு" என்று சொல்லிவைத்தாள். நாலாம் நாள் கடைக்காரரே வெளியே வந்து, "இன்னா யக்கா, கடைக்கு கடைக்குன்னு சொல்லிக்கினு தெனம் என் கடையத் தாண்டி போற? என் சரக்கு அவ்ளோ கலீஜா கீதா?" என்று கேட்டார். மறுநாள் அம்மா வீட்டை விட்டு இறங்கவில்லை.

"படிக்காததுங்க கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்" என்று கத்தினேன்.

"நானும் படிக்காததுதான்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து, நான் பள்ளிக்குக் கிளம்பும்போது பரணிலிருந்த கூடை கீழே இருந்தது. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறாள். தூசி தட்டிக் கழுவி வைத்திருந்தாள்.

"நீ சோறு எடுத்துக்கினு போவாத. மத்தியானம் நா கொண்டாறேன். நடந்தா மாரியும் ஆச்சு, சூடா துன்னா மாரியும் ஆச்சு. எவ கேக்கறா பாக்கலாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதை மறுக்கவும் முடியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "முன்வாசல் வழியாக வராதே. பின்னால் ஒரு கதவு இருக்கிறது. பள்ளி ஆயாவிடம் கொடுத்துவிடு." அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

அன்று தொடங்கியது அந்த நடை. ராயபுரத்து வீட்டிலிருந்து தண்டையார்பேட்டைப் பள்ளிக்கு ஒன்றரை மைலுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கூடையில் ஒரே ஒரு தூக்குச்சட்டி. தலையில் வைக்க அவசியமே இல்லை, ஆனாலும் வைத்துக்கொண்டாள். தலையில் கனம் இல்லையென்றால் கால் தடுமாறுகிறது என்றாள். முதல் நாள் ஒன்றரை மணி நேரம் ஆனது. ரயில்வே கேட்டில் ஒரு தடவை, விறகு விற்கும் தொட்டியில் ஒரு தடவை, தண்ணிக் குழாயடியில் ஒரு தடவை என்று மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். தூக்குச்சட்டி ஆறிப்போய் வந்தது. திரும்பிப் போகும்போது ரிக்‌ஷாவில் போகச் சொல்லி ஆயாவிடம் சொல்லியனுப்பினேன். மூன்று மாதத்துக்குப் பின் ரிக்‌ஷா வேண்டாம் என்றாள். குழாயடியில் உட்காருவது நின்றது. பிறகு விறகுத் தொட்டியில் உட்காருவதும் நின்றது.

மாதம் ஒருமுறை ராயபுரம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவேன். பார்சல் ஆபீஸ் தராசில் நிற்க வைத்து எடை பார்ப்போம். அங்கிருந்த போர்ட்டருக்கு அம்மாவைக் கூடைக்காலத்திலிருந்தே தெரியும். "இன்னா யக்கா, இந்த பார்சல் எந்த ஊருக்கு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "எமலோகத்துக்குத்தான் புக் பண்ணாங்க, வண்டி லேட்டு" என்பாள் அம்மா. முதல் தடவை இருநூற்றுப் பத்து ராத்தல். அடுத்த மாதமும் அதேதான். மூன்றாம் மாதம் இருநூற்று ஏழு. "மூணு ராத்தலா? ஒரு சட்டி சோறுதான எறங்கிகீது" என்று சின்னம்மா உதட்டைப் பிதுக்கினாள். ஏழாம் மாதம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. போர்ட்டர் தராசுக் குண்டை ஒருமுறைக்கு இருமுறை நகர்த்திப் பார்த்துவிட்டு, "சரக்கு வழில ஒழுவிட்சி போலகீது, க்ளெய்ம் போடு" என்றார். அன்றிரவு அம்மா ஒரே தலையணையில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

நடந்தால் குறையும் என்று எந்தப் புத்தகத்திலும் காட்ட முடியாத நான், சின்னம்மாவுக்கு அந்தத் தலையணையைக் காட்டினேன். அவள் அம்மாவின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெடிப்புக்கு எண்ணெய் தடவினாள்.

பள்ளியில் எல்லோரும் அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்த கூடைக்காரி என்றே நினைத்திருந்தார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருநாள், "உங்கள் கூடைக்காரி நேரம் தவறாதவள். எங்கள் வீட்டுக்கும் பேசிவிடுங்களேன்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

எட்டாம் மாதம் இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். காலையிலிருந்தே பள்ளியைக் கழுவிவிட்டுக் கோலம் போட்டிருந்தோம். ஆள் நடமாட்டம் வேண்டாம் என்று பின்கதவைப் பூட்டிவிட்டார்கள். அம்மாவிடம் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. என் கரும்பலகையில் எழுத்து நேராக இருக்கிறதா என்பதிலேயே அன்று என் கவலையெல்லாம் இருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மாள் என் வகுப்பை முடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து, என் பாடம் நடத்தும் முறையைத் தலைமையாசிரியையிடம் மெச்சிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். முன்வாசல் படியில் அம்மா ஏறி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, தலையில் கூடை. வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததில் கண் தெரியாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யார் இது?" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மாள்.

"டீச்சருக்குச் சாப்பாடு கொண்டுவரும் கூடைக்காரி" என்றாள் பக்கத்து வகுப்பு டீச்சர்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "தினமும் வருவாளோ?"

அம்மா என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு வார்த்தை போதும். நாலு எழுத்துக்கூட வேண்டாம்.

"ஆமாம், தினமும்" என்றேன் நான்.

அம்மா கூடையை இறக்கினாள். தூக்குச்சட்டியை எடுத்து என் வகுப்பு வாசலில், யார் காலும் படாத மூலையாகப் பார்த்து வைத்தாள். "வச்சுகீறேன் டீச்சரம்மா. ஏனத்த நாளைக்கி எடுத்துக்கறேன்" என்றாள். இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டாள். படி இறங்கிப் போனாள்.

அவள் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பயந்தேன். அம்மா வழக்கம்போல் காபித்தண்ணி வைத்துக் கொடுத்தாள். "அந்தம்மா நல்லா எழுதிச்சா உன்னப் பத்தி?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கிறார்கள்."

"அப்ப சரி."

மறுநாள் காலை தூக்குச்சட்டி என் பை பக்கத்தில் தயாராக இருந்தது. முழங்கால் வலிக்கிறது, இரண்டு நாள் போகட்டும் என்றாள். இரண்டு நாள் போயிற்று. மழைக்காலம் வந்தது. மழை விட்டதும் பார்க்கலாம் என்றாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நான் செய்தது என்னவென்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு காகிதத்தில் எழுதிக்கூட வைத்தேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதையும் மறந்து. பிறகு அடுப்பில் போட்டேன்.

கூடை மறுபடி பரணுக்குப் போகவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியே இருந்தது. சின்னம்மாவுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. "இன்னா யக்கா, நடய வுட்டுட்ட? மவ சொன்னா மாரி எளச்சுகினு தான வந்த?" என்று கேட்பாள். "வெயில் தாழட்டும்" என்பாள் அம்மா. வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்.

தை மாதம் மறுபடி மூன்று தலையணை ஆயிற்று. பார்சல் தராசுக்கு அவள் வரவில்லை. வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். லேடி டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது. "நல்லா வந்துக்கிட்டிருந்தீங்களே. ஏன் நிறுத்தினீங்க?" என்றார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "சோம்பேறித்தனம்மா" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் எதிரில் உட்கார்ந்தேன். "நாளைக்கு எனக்குச் சோறு கொண்டாறியா? முன்வாசல் வழியா வா. நான் வாசல்ல நிக்கறேன்" என்றேன். புத்தகத் தமிழ் எங்கோ போயிருந்தது.

அம்மா நெடுநேரம் தலைப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "இன்னா கொழம்பு வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

மறுநாள் பன்னிரண்டு மணியிலிருந்து முன்வாசலில் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவைத்திருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போனார்கள். அவள் வரவில்லை. சாயங்காலம் வீட்டில் தூக்குச்சட்டி திறக்காமல் இருந்தது. ரயில்வே கேட் வரைதான் போக முடிந்ததாம். அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கேட்காரர் கூப்பிட்டுக் கொடுத்த ரிக்‌ஷாவில் திரும்பியிருக்கிறாள்.

"கேட்டாண்டயே மூச்சு நின்னுபோச்சு கண்ணு. நீ துன்னாம கீறியேன்னுதான் ஒரே பேஜாரா இருந்துச்சு" என்றாள். எனக்குப் பிடித்த வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாள். இருவருமாக அதைச் சாப்பிட்டோம். அப்போதாவது பேசியிருக்கலாம். நாளைக்குக் கேட்டைத் தாண்டிவிடலாம் என்றேன். "ஆவட்டும், மெதுவாதான போவ சொல்லிச்சு டாக்டரம்மா" என்றாள்.

மூன்று நாள் கேட் வரை போய்த் திரும்பினாள். நாலாவது நாள் முற்பகல், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்வாசல் படியில் சின்னம்மா ஏறி வந்தாள். ஆபீஸ் நடைக்குப் போகவேண்டிய நேரம் அது. அவள் தலையில் கூடை இல்லை, இடுப்பில் ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு வந்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். ரவிக்கையை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாயிற்று. மூன்றாம் தடவை கொண்டுபோனபோது தையற்காரர் உள்ளே துணி இல்லை என்றார். போன மாதம் தனியாக ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்சல் தராசில் ஏறினேன். போர்ட்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. எடையை மட்டும் மெல்லச் சொன்னார்.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து சமைத்தேன். தூக்குச்சட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். தலையில் தூக்க எனக்கு வரவில்லை. இடுப்பில்தான் வைத்துக்கொண்டேன். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. சின்னம்மா மட்டும் வாசலில் வந்து நின்று பார்த்தாள். "மெதுவாப் போ, ஓடாத" என்றாள்.

கேட்டில் மூச்சு வாங்கியது. அம்மா உட்கார்ந்த கல்லில் நானும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நடந்தேன். பள்ளி முன்வாசலில் பக்கத்து வகுப்பு டீச்சர் நின்றிருந்தாள். கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், நீங்களே தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்? உங்கள் பழைய கூடைக்காரியை அப்புறம் காணவே காணோமே, என்ன ஆனாள்?"

"அவங்க என் அம்மா. செத்துப்போயிட்டாங்க" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். முதல் மணி அடித்துவிட்டது. நான் கூடையோடு முன்படி ஏறி, தாழ்வாரத்தின் வழியாக வகுப்புக்குப் போனேன். தூக்குச்சட்டியை வாசல் மூலையில், அம்மா வைத்த இடத்திலேயே வைத்தேன். அதற்கு மறுநாளும் நடந்தேன். இன்றோடு பத்தொன்பது நாள்.